குப்பைமேட்டுக்கு வந்த வெள்ளைக் கடற்காகம்

1

எங்கள் பத்தாவது கல்யாண நாளன்று என் வீட்டுக்காரர் என்னை ஊர்க் குப்பை கொட்டும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான குப்பை, நிஜமான நாற்றம். நான் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுப் புடவையில் இருந்தேன்.

இன்று மறுபடியும் தை மாதம், மறுபடியும் கல்யாண நாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வானம் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு சாம்பல் நிறப் பகலில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். பெயரை எழுதலாம், ஆனால் எழுதியபடி படித்தால் தப்பு, சொல்லுகிறபடி எழுதினாலும் தப்பு. இத்தனை வருஷம் கழித்தும் பஸ் கண்டக்டரிடம் நான் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் ஒரு முறை திருத்திச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறார்.

என் வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். முள்ளிப்பட்டுக்காரர். அவர் அப்பா, பெரியப்பா எல்லாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். இவர் ஒருவர்தான் மதராஸில் தங்கி என்ஜினீயருக்குப் படித்தார். நான் ஆரணி டவுன். அண்ணன் தசரதன் அப்பாவுக்குப் பிறகு பட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். எழுபதுகளின் நடுவில் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை என்று தரகர் சொன்னார். லண்டனுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஆரணிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். தரகருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.

2

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. முதல் இரண்டு வருஷம் அங்கே யாரும் அவரோடு பேசவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவே ஒரு பத்து வருஷம் எடுத்துக்கொள்வார்கள். காலை வணக்கம், வானிலை, மாலை வணக்கம். சம்பளம் எவ்வளவு, எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றுதான் என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் மனிதர் வாடிப்போனார்.

அப்போதுதான் கென் வந்தார். துறைமுக ஸ்டோரில் சாமான்களுக்குப் பொறுப்பாளர். மத்தியான நேரத்தில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கரையில் நிற்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று இவர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். கென் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். ஓர் ஆங்கிலேயர் நிறுத்தாமல் அவ்வளவு நேரம் தன்னோடு பேசியதில் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சம்பளத்தில் பைனாகுலர் வாங்கினார். அதற்கடுத்த வருஷம் மூன்று கால் வைத்த தொலைநோக்கி வந்தது. சாப்பாட்டு மேஜைக்கும் சன்னலுக்கும் நடுவில் அது ஒரு மாமியார் போல நின்றது.

சிறு வயதில் முள்ளிப்பட்டில் விடியற்காலை தெருவில் பாவு நூல் நீட்டியிருக்கும்போது, இழைமேல் எச்சம் விழாமல் காக்காய் ஓட்டுவது அவர் வேலையாம். இங்கே வந்து காக்காயைத் தேடிக்கொண்டு அலைந்தார். சரியாகச் சொன்னால் கடற்காகம். பெயரில் காகம் இருந்தாலும் வெள்ளையாக இருக்கும். மீனும் தின்னும், பிள்ளைகள் கையிலிருக்கிற ரொட்டியையும் பிடுங்கும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அவருக்கு அப்படி இல்லை. பெரிய கடற்காகம் முழுசாக வளர நாலு வருஷமாம். தீபாவளிக்குத் தீபாவளி சட்டை மாற்றுகிற பிள்ளைகள் மாதிரி, ஒவ்வொரு வருஷமும் அதற்கு வேறு வேறு இறகு. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் அவை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், வடதுருவத்துப் பக்கமிருந்து வழிதவறி வந்த ஒன்றே ஒன்று கலந்திருக்குமாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. கூட்டம் அதிகம் சேருகிற இடம் எது? குப்பைமேடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போகிற பக்தியோடு மனிதர் குப்பைமேட்டுக்குப் போனார்.

ஒரு குளிர்காலத்தில் அப்படி ஓர் அபூர்வம் அவருக்குக் கிடைத்தது. துருவப் பக்கத்தில் ரோஜா நிறம் படர்ந்த சின்னக் கடற்காகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டதாக கென்னுக்குப் போன் செய்தார். கென் பத்துப் பேருக்குச் செய்தார். அந்தப் பத்துப் பேர் மற்றவர்களுக்குச் செய்தார்கள். பெரிய கூட்டம் கூடி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பறவை ஒரு குட்டையில் இறங்கிச் சாவகாசமாகக் குளித்தது. ரோஜா நிறம் தண்ணீரோடு போய்விட்டது. மீன்பெட்டிகளுக்கு அடையாளம் வைக்கிற சிவப்புச் சாயத்தில் விழுந்து எழுந்த சாதாரணக் கடற்காகம் அது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. உயரமான ஒருவர் தொலைநோக்கியை மடித்துக்கொண்டே, "இன்ட்ரஸ்டிங்" என்று மட்டும் சொன்னாராம். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு சுவாரசியம் என்று அர்த்தம். இங்கே அதற்கு, இந்த ஜென்மத்தில் இனி உன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். ஆரணியில் சாயம் போகிற புடவையை விற்ற கடைக்காரருக்குக்கூட அவ்வளவு தலைகுனிவு வந்திருக்காது. அதற்குப் பிறகு கென் ஒருவர்தான் பழையபடி பழகினார். மற்றவர்களுக்கு இவர் போன் செய்தால், வருகிற சனிக்கிழமை வர முடிகிறதா பார்க்கிறோம் என்பார்கள். சனிக்கிழமை வரைக்கும் எந்தப் பறவை காத்திருக்கும்?

3

அந்த நிலைமையில்தான் அண்ணன் எங்களைப் பார்க்க வந்தார். லண்டனில் இருக்கும் தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு விற்க இரண்டு பெட்டி நிறையப் புடவையோடு வந்தவர், வியாபாரம் முடிந்ததும் தங்கையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரயிலேறி வந்தார். என் வீட்டுக்காரர் அண்ணனுக்காக லீவு போட்டார். ஆசையாசையாக அவரை எங்கே கூட்டிப்போனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றமடிக்கும் என்று அங்கே போவதற்கென்றே கிழிந்த பழைய கோட்டும் ரப்பர் பூட்ஸும் இவர் வைத்திருந்தார். வாசலில் இருந்த காவல்காரர் இவரைப் பார்த்ததும் சல்யூட் அடித்து, வழக்கமான இடம்தானே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஒரு மணி நேரம் மாப்பிள்ளை குப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சாப்பாடு முடிந்து இவர் கை கழுவப் போனதும் என் பக்கம் குனிந்தார்.

"வசந்தா, மாப்ளைக்கு வேல கீதா, போயிடுச்சா? என்கிட்ட மறைக்காத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்து, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணன் கண்ட தண்ணீரை மட்டும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மானம் மரியாதை பார்க்காமல் திரும்பி வந்துவிடச் சொல்லியிருந்தாள். வீட்டில் தறி சும்மாதான் கிடக்கிறது, மாப்பிள்ளைக்கு நெய்யத் தெரியும்தானே, அங்கே போய்க் குப்பையில் நிற்பானேன் என்று எழுதியிருந்தாள். உடனே ஆபரேட்டரிடம் கால் புக் செய்து அண்ணன் கடைக்குப் பேசினேன். அம்மாவும் அங்கே வந்திருந்தாள். பேத்தி குரலைக் கேட்டால் அம்மா மனசு ஆறும் என்று நினைத்து முதலில் மகளிடம் ரிசீவரைக் கொடுத்தேன். கவிதாவுக்கு அப்போது ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாப்பாட்டு வார்த்தைகளும் என் திட்டு வார்த்தைகளும்தான். அப்பா எங்கே கண்ணு என்று ஆயா, அதாவது என் அம்மா, கேட்டிருக்கிறாள். குப்பைமேட்டில் பறவை பார்க்கிறார் என்று சொல்லத் தெரியாமல் பிள்ளை தெளிவாகச் சொன்னது: "அப்பா குப்பைல இருக்கு."

நான் ரிசீவரைப் பிடுங்குவதற்குள் அந்தப் பக்கம் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் வாங்கிப் பேசினார். அவர் பறவை பார்க்கிறார் அண்ணா, அது இங்கே பெரிய மனிதர்கள் செய்கிற பொழுதுபோக்கு என்று கத்தினேன். என்ன பறவை என்று கேட்டார். கடற்காகம் என்றேன்.

"காக்காவா? காக்கா பாத்துகினு நிக்கறதுக்கா ஏரோப்ளேன்ல போனாரு? பேஜாருமா இது. மல்லிகா விஷயம் வேற நடந்துகினு கீது, தெரியுமில்ல?"

தெரியும். மல்லிகா என் தங்கை. போளூரில் ஒரு தலைமையாசிரியரின் பையனுக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் தங்கமானவன், பாங்கு வேலை. மல்லிகாவுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போய் மாதக்கணக்காகியும் அவர்களிடமிருந்து வார்த்தை வரவில்லை. மூத்த மருமகன் சீமையில் குப்பை பொறுக்குகிறான் என்பது அவர்கள் காதுக்குப் போயிருக்கும், அதனால்தான் பின்வாங்குகிறார்கள் என்றார் அண்ணன்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. தங்கை கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் நீங்கள் குப்பைமேட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் கிழிந்த கோட்டை மடித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநோக்கியைச் சன்னல் வழியாகத் திருப்பி, எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

4

கல்யாண நாள் வந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொள், வெளியே போகலாம் என்றார். துறைமுகத்துப் பக்கம் ஒரு வடநாட்டு ஓட்டல் திறந்திருந்தார்கள். அங்கேதான் என்று எனக்கு நிச்சயம். காலையில் நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கவிதாவை கென் வீட்டில் விட்டோம். கார் ஓட்டலைத் தாண்டியது. சினிமாக் கொட்டகையைத் தாண்டியது. நாற்றம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பத்தே நிமிஷம் என்றார். மூன்று நாளாக வடக்கிலிருந்து புயல்காற்று அடித்தது, இந்த மாதிரிக் காற்றுக்குப் பிறகுதான் துருவத்துப் பறவைகள் ஒதுங்கும், எதிர்வீட்டுப் புறாவை இனிமேல் என்னால் பார்க்க முடியாது என்றார். நான் பதிலே சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் பயந்தவரில்லை. அந்த மௌனத்துக்குப் பயந்து, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் காருக்குள் உட்கார்ந்து அழுவதா திட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புல்டோசர் ஒன்று தூரத்தில் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே கடற்காகங்கள் கூச்சலிட்டுக்கொண்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அப்போது காருக்குப் பக்கத்தில், என் சன்னலுக்கு நேராக, ஒரு பறவை வந்து இறங்கியது. சந்தையிலிருந்து வந்த கழிவு மீன் அங்கே கொஞ்சம் சிதறிக் கிடந்தது. அதில் ஒரு தலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

அது மற்றவை போல இல்லை என்பது எனக்கே தெரிந்தது. கூட்டத்திலிருந்த எல்லாவற்றுக்கும் முதுகு சாம்பல் அல்லது அழுக்குப் பழுப்பு. இது உடம்பு முழுக்கச் சலவை வெள்ளை. புறா மாதிரி உருண்டையான உடம்பு, கருப்புக் கால். இறக்கை நுனியில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் கருப்பு. முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழகான குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்க, அது அழுது புறங்கையால் தேய்த்து, முகமெல்லாம் மை ஈஷிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் சன்னலை இறக்கினேன். அது என்னைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி மீனைத் தின்றது.

அவரைக் கூப்பிட்டேன். காற்றில் குரல் போகவில்லை. இறங்கிப் போய்க் கூப்பிடலாம் என்று கதவைத் திறந்து நாலடி வைத்தேன். காற்று வந்து புடவைக்குள் புகுந்தது. மடிப்பு கழன்று முந்தானை கொடி மாதிரி மேலே பறந்தது. அந்த மேட்டிலிருந்த அத்தனை கடற்காகமும் ஒரே சமயத்தில் எழும்பி, வானமே வெள்ளையாகி, கடல் பக்கம் போய்விட்டன.

அவர் மேட்டிலிருந்து ஓடி வந்தார். கல்யாணமாகி முதல் தடவையாக அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் ஓட்டிட்டியே, வசந்தா."

"ஒண்ணு மட்டும் போகலைங்க. இங்கதான் இருந்துது" என்று திரும்பிக் காட்டினேன். மீன்தலை இருந்தது. பறவை இல்லை.

பார்த்ததை அப்படியே சொன்னேன். திருஷ்டிப் பொட்டு என்ற வார்த்தைக்கு வந்ததும் அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. கால் என்ன கலர் என்றார். கருப்பு. நிச்சயமா? குடைக்கம்பி மாதிரிக் கருப்பு. முதுகில் சாம்பல் இருந்ததா? இல்லை. பயந்ததா? இல்லை. மாற்றி மாற்றிப் போலீஸ்காரர் மாதிரி கேட்டார். புத்தகத்தைத் திறந்து காட்டுங்களேன் என்றால், சாட்சிக்கு முதலில் படத்தைக் காட்டக் கூடாது என்றார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பனிக்கட்டிக் கடலிலேயே பிறந்து பனிக்கட்டிக் கடலிலேயே சாகிற பறவை அது, யானைத் தந்தத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள், நீ பார்த்தது அதன் குஞ்சு என்று மெதுவாகச் சொன்னார். இந்தக் கரையில் ஒருவர் ஆயுசில் ஒரு தடவை பார்த்தால் பெரிது.

"அப்ப கென்னுக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கண்ணாடியைத் துடைத்தார். வேண்டாம், ஓட்டலுக்குப் போகலாம், பசிக்கிறது உனக்கு என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரோஜா நிறத்துப் பறவைக்குப் பிறகு இன்னொரு முறை எல்லாரையும் கூப்பிட்டு, பறவை இல்லையென்றால், கென்னும்கூட முகம் கொடுக்க மாட்டார். குப்பைமேட்டை நினைத்து அத்தனை மாதம் ஏங்கிய மனிதர், ஆயுசில் ஒரு தடவை வருகிற பறவையை விட்டுவிட்டு ரொட்டியும் குருமாவும் சாப்பிடப் போகலாம் என்கிறார். எனக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"நீங்க பாக்கலைங்க. நான்தான் பாத்தேன். உங்க பேரு எதுக்கு? நான் பாத்தேன்னு நானே சொல்றேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காவல்காரர் அறைக்குப் போய் போனைக் கேட்டேன். போனில் ஆங்கிலம் பேச எனக்கு எப்போதும் பயம். ஆள் முகம் தெரியாவிட்டால் பாதி வார்த்தை வராது. வெள்ளைப் பறவை, அழுக்கு முகம், குடைக்கம்பிக் கால், பயம் கிடையாது என்று துண்டு துண்டாகச் சொன்னேன். காலின் நிறத்தை மட்டும் கென் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிரு, பெட், இதோ வந்துவிட்டேன் என்றார்.

பெட் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை வளர்க்கிறார்களே, அந்த பெட். இந்தப் பக்கத்தில் பெண்களை எல்லாம் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் காய்கறிக் கடைக்காரி என்னை அப்படிக் கூப்பிட்டபோது, வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை போட்டேன்.

5

கென் வந்தார். கவிதாவையும் மனைவியையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு காராக வந்தது. இம்முறை சனிக்கிழமை வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. பறவையின் பெயர் அப்படிப்பட்டது போலிருக்கிறது. ஆண்கள்தான் எல்லாரும். பச்சைக் கோட்டு, கம்பளித் தொப்பி. வரிசையாக நின்று தொலைநோக்கிகளை மேட்டின் பக்கம் திருப்பினார்கள். கடற்காகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. தை மாதத்தில் இங்கே நாலு மணிக்கு இருட்டிவிடும். நான் புடவைக்கு மேல், இவர் காரில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த கிழிந்த கோட்டையும், புடவைக்குக் கீழ் இவருடைய ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்து, எந்த இடத்தில் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம், என்ன கருவியில் என்று மரியாதையாகக் கேட்டார்கள். கார்க் கண்ணாடி வழியாக என்றேன். தலையாட்டினார்கள். அந்த உயரமான மனிதரும் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் யாருக்கும் முகம் காட்டாமல், குப்பையைப் பார்த்தபடி ஒரு ஓரமாக நின்றார். அவர் காது சிவந்திருந்தது. குளிருக்கா, மானத்துக்கா, தெரியவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாமோ என்று அப்போது தோன்றியது. எனக்கென்ன, நான் சமையலறைக்குத் திரும்பிப் போய்விடுவேன். நாளைக்குத் துறைமுகத்தில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவர் அவர்.

பசியில் காது அடைத்தது. காரில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று திரும்பி நடந்தேன். அங்கே, எங்கள் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அதே மீன்தலையோடு, அதே மை ஈஷின முகத்தோடு அது நின்றது. எல்லாரும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகுமென்று எனக்குத்தான் தெரியுமே. முந்தானையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று, மறு கையை மட்டும் மெதுவாகத் தூக்கினேன். கவிதா பார்த்துவிட்டு கென்னின் கோட்டை இழுத்தாள். கென் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராக, பின்பு வரிசை முழுக்க.

எல்லாரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டு எடுத்தார்கள். தூரத்தில் இருப்பதைக் காட்டுகிற கருவிக்குப் பறவை அவ்வளவு பக்கத்தில் இருந்தால் மங்கித் தெரியுமாம். ஆகவே அத்தனை பெரிய மனிதர்களும், பனிக்கட்டிக் கடலிலிருந்து வந்த குஞ்சுக்கு மரியாதை செய்கிற மாதிரி, கருவிகளைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்தார்கள். இரண்டு பேர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் எந்தக் கருவியிலும் பார்க்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பக்கத்தில் போனேன்.

"நீ சொன்னபடியே கீது, வசந்தா" என்றார். பல வருஷமாக வீட்டில் படித்த தமிழ் பேசியவர், அன்றுதான் முள்ளிப்பட்டு வாயால் பேசினார்.

இருட்டுகிற வரை அது அங்கேயே நின்றது. அந்த உயரமான மனிதர் முதலில் என் வீட்டுக்காரரிடம் போய்க் கைகொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்றார். நான் அடையாளமெல்லாம் காணவில்லை, எங்கள் ஊரில் அழகான குழந்தைக்கு இப்படித்தான் மை வைப்போம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

6

ஒரு வாரம் அது இருந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, குப்பைமேட்டுக்குப் பார்வையாளர் வருவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு முறை தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் போனார். அபூர்வப் பறவைகளை ஒப்புக்கொள்வதற்கென்று இந்த நாட்டில் ஒரு குழு இருக்கிறது. அவர்களுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இதே போன்ற இனங்களில் முன் அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி. காக்காய் என்று எழுதச் சொன்னேன். இவர் எழுதவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் வந்தார். அவர் வந்த நேரத்தில் பறவை மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சரி, கண்டுபிடித்தவர்களையாவது எடுக்கிறேன் என்று எங்களை நிற்கவைத்தார். புடவை கட்டி வந்தால் நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். பத்திரிகை வந்தபோது பார்த்தால், முழுசாக நான் இருக்கிறேன், வீட்டுக்காரர் பாதி வெட்டுப்பட்டிருக்கிறார், பின்னால் குப்பை. எந்த ஊர் என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலைப் பெயரென்று எடுத்துக்கொண்டு, கீழே திருமதி ஆரணி என்று போட்டிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: நெடுந்தூரத்திலிருந்து நம் ஊருக்கு வந்த அபூர்வ விருந்தாளி.

துறைமுகத்தில் ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்களாம். அவருக்கு அதில் பரம சந்தோஷம். கேலி பண்ணுகிற அளவுக்கு இப்போது அவர்களில் ஒருவராகிவிட்டார் இல்லையா?

அந்தப் பக்கத்தை வெட்டி, பறவையைப் பற்றி நாலு வரி தமிழில் எழுதி, அண்ணனுக்கு அனுப்பினேன். படத்தில் குப்பை தெரிகிறதே என்று இவர் பயந்தார். தெரிந்தால் தெரியட்டும், எதற்காக அங்கே நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஜல்தியாக போளூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். உள்ளே நுழைந்து உட்கார்ந்ததுமே, எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் பொய்ங்க, அவர் குப்பை பொறுக்கவில்லைங்க, இதோ அத்தாட்சி என்று ஆரம்பித்துவிட்டார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தாராம். யார் குப்பை பொறுக்கியது என்று கேட்டாராம். அவர்கள் காதுக்கு எதுவுமே போகவில்லை. பையனின் அத்தை படுத்த படுக்கையாக இருந்ததால், அந்த அம்மாள் எழுந்து நடமாடட்டும் என்று பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். போளூரில் அந்த வதந்தியை முதன்முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் அண்ணன்தான்.

தலைமையாசிரியர் செய்தியை ஒரு வார்த்தை விடாமல் படித்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அவர் கேட்டார்: "நாங்க எடுக்கப்போற பொண்ணு, இந்தம்மாவோட கூடப்பிறந்த தங்கச்சிதானே?"

ஆமாங்க என்றார் அண்ணன்.

"இந்தக் குளிர்ல, கட்டின பட்டோட, புருஷன்கூடக் குப்பைமேட்டுல நின்னுகினு சிரிக்கிறாங்க பாருங்க. வேற என்னாங்க வேணும்? நாள் பாத்துடுங்க."

அந்த வைகாசியில் மல்லிகா கல்யாணம் நடந்தது. நாங்கள் மூவரும் போயிருந்தோம். கவிதா இலையில் உட்கார்ந்து, அப்பளம் வேண்டும் என்று தமிழில் கேட்டாள். அம்மா அதையே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பையனின் அத்தை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு போதவில்லை என்றும் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பற்றி ஆரணியில் இப்போது வேறு பேச்சு. சீமை அரசாங்கத்தில் அவர் பறவை இலாகா ஆபீசர். யாரும் திருத்தவில்லை. அண்ணன் திருத்தவே விடவில்லை.

7

இது நடந்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் வீட்டு போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ பேசப் பேச அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ரிசீவரை என்னிடம் நீட்டினார். உனக்குத்தான் என்றார்.

தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர். அங்கே குளிர்காலக் கூட்டத்தில் ஒரு கடற்காகம் இருக்கிறது, என்ன இனமென்று அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அந்தத் தந்தக் கடற்காகத்தைக் கண்டுபிடித்த அம்மா வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். குழுவின் அறிக்கையில் கண்டவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. விண்ணப்பத்தில் இவரே அப்படித்தான் எழுதிப்போட்டிருந்தார். இப்படி ஓர் அழைப்பு வருமா என்று எத்தனையோ குளிர்காலம் காத்திருந்த மனிதர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: ஐயா, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடற்காகம். மற்ற அத்தனையும் தெரிந்தவர் என் பக்கத்தில் நிற்கிறார். அவரிடம் கேளுங்கள்.

ரிசீவரை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கால் என்ன நிறம், அலகு எப்படி, இறக்கை மடித்தால் வாலைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அடுப்பில் வைத்த குழம்பு வற்றியது. நான் கூப்பிடவில்லை.

இன்று காலை அங்கிருந்து இரண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு வந்து அவரை அழைத்துப் போனார்கள். அங்கேயும் குப்பைமேடுதானாம். டை கட்டிக்கொண்டு போனார். கல்யாண நாளாயிற்றே, நீயும் வாயேன் என்றார். இந்த வருஷம் வீட்டிலேயே நல்ல சாப்பாடு சமைக்கிறேன், ஜல்தி வந்து சேருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அந்தப் பறவை அபூர்வமா சாதாரணமா என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. வாசலில் அவர் பூட்ஸைக் கழற்றிப் போடுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.